கார்ல கியர் விழலையா? 52,000 ரூபாய் எஸ்டிமேட்டுக்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன வாரம் கார் செலவு பத்தி போட்ட வீடியோவுக்குக் கீழ நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "ப்ரோ, ஏ.எம்.டி கார் வச்சிருக்கேன். திடீர்னு கியர் விழ மாட்டேங்குது. சர்வீஸ் சென்டர்ல பெரிய தொகை சொல்றாங்க. மாத்தலாமா, வேண்டாமா?"

எனக்கே நடந்த விஷயம் இது. அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

காலை அஞ்சே முக்கால் மணி. திருவொற்றியூர்லேருந்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடுல வேலைக்குப் போறேன். முந்தின நாள் ராத்திரி நல்ல மழை. வைப்பர் ஓடுது, ஹெட்லைட் எரியுது, கண்ணாடிப் பனி போக ஏ.சி-யும் ஓடுது. சிக்னல்ல நின்னு கிளம்பும்போது டேஷ்போர்டுல 'என்' மட்டும் மினுக்கு மினுக்குனு மின்னுது. 'டி'-ல போட்டாலும் வண்டி நகரல. பின்னாடி ஒரு கன்டெய்னர் ட்ரெய்லர். அவர் ஹாரனை விடவே இல்ல.

ரெக்கவரி வண்டிக்கு 2,500 ரூபாய். சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் போட்டுப் பார்த்துட்டு, "ஆக்சுவேட்டர் போயிடுச்சு சார், மொத்தமா 52,000 ஆகும், இப்பவே ஓகே பண்ணா நாளைக்கு டெலிவரி"ன்னாங்க. அப்போ என் கணக்குல இருந்தது 60,000. அது அம்மாவோட கண் ஆபரேஷனுக்குன்னு எடுத்து வச்ச பணம்.

ஓகே சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. "ஒரு நாள் டைம் குடுங்க"ன்னு மட்டும் சொன்னேன். அந்த ஒரு நாள்தான் என் பணத்தைக் காப்பாத்துச்சு. எப்படின்னு கடைசில சொல்றேன். முதல்ல விஷயத்தைப் புரிஞ்சுக்கலாம்.

ஏ.எம்.டி உள்ள என்ன நடக்குது?

இந்தியாவுல 2014 பிப்ரவரியில மாருதி செலேரியோ வந்தப்போதான் சின்ன கார்கள்ல ஏ.எம்.டி பரவ ஆரம்பிச்சது. அப்புறம் டாடா, ரெனோ, ஹூண்டாய்னு எல்லாரும் கொண்டு வந்தாங்க. ஒரகடத்துல தயாராகுற க்விட், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகுற கிராண்ட் ஐ10 நியோஸ்னு நம்ம ஊர்ல செய்யற கார்கள்லயும் ஏ.எம்.டி இருக்கு. இப்போ அந்த வண்டிகள் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கு நிறைய வருது. முதல் கார் வாங்குற நம்ம வயசுப் பசங்க எடுக்கிறதும் அதைத்தான். வாரன்டி முடிஞ்ச வண்டி. பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது.

நிறைய பேர் ஏ.எம்.டி-ன்னா உள்ள இருக்கிறது தனி கியர்பாக்ஸ்னு நினைக்கிறாங்க. இல்ல. உள்ள இருக்கிறது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், சாதாரண கிளட்ச். உங்க இடது காலும் இடது கையும் செய்ற வேலையை ஒரு ஆக்சுவேட்டர் செட் செய்யுது. அவ்வளவுதான்.

வரிசையா பார்த்தா இப்படி நடக்குது: நீங்க லிவரைத் தள்றீங்க. லிவர் அடியில இருக்கிற சென்சார் அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லுது. பிரேக் மிதிச்சிருக்காங்களான்னு கம்ப்யூட்டர் பார்க்குது. அப்புறம் மோட்டாருக்குக் கரன்ட் அனுப்புது. மோட்டார் கிளட்சை விலக்கி கியரைத் தள்ளுது. கியர் சரியா விழுந்துச்சான்னு இன்னொரு சென்சார் திரும்பச் சொல்லுது. அந்தப் பதில் வரலைன்னா 'என்' மின்னும், பீப் அடிக்கும்.

பீச் ரிசார்ட்ல ஓட்டுற நாலு சக்கர ஏ.டி.வி வண்டிகள்லயும் பட்டன் அமுக்கினா கியர் மாறுற மாடல்கள் உண்டு. அதுலயும் கிட்டத்தட்ட இதே சங்கிலிதான்: பட்டன், கம்ப்யூட்டர், மோட்டார், சென்சார். அங்கயும் கியர் மாறலைன்னா முதல்ல பார்க்க வேண்டியது பேட்டரிதான்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, சங்கிலியில எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியில தெரியுற அறிகுறி ஒண்ணுதான்: கியர் விழாது. 100 ரூபாய் ஃப்யூஸ் விஷயமும் 50,000 ரூபாய் ஆக்சுவேட்டர் விஷயமும் டிரைவர் சீட்டுலேருந்து பார்த்தா ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால விலை குறைஞ்ச கண்ணியிலேருந்து ஆரம்பிச்சு, விலை கூடின கண்ணிக்குப் போகணும். தலைகீழா போனா உங்க பணம்தான் போகும்.

படி 0: எப்போ வருதுன்னு எழுதி வைங்க

மொபைல்ல ஒரு நோட் திறங்க. காலையில முதல் ஸ்டார்ட்லயா, சூடான பிறகா? மழையிலயா? ஏ.சி, லைட் எல்லாம் ஓடும்போதா? நிறுத்தி ஸ்டார்ட் பண்ணா சரியாயிடுதா? மின்னுற டேஷ்போர்டை 10 செகண்ட் வீடியோ எடுங்க. சர்வீஸ் சென்டருக்குப் போற நேரத்துல வண்டி நல்லபிள்ளையா ஓடும். அப்போ இந்த வீடியோதான் உங்களுக்குச் சாட்சி.

படி 1: பேட்டரி, டெர்மினல், எர்த்

கியர் தள்ற மோட்டார் ஒரே நேரத்துல நிறைய கரன்ட் இழுக்கும். வோல்டேஜ் குறைஞ்சா வேலையைப் பாதியில விட்டுடும். எலக்ட்ரானிக் மல்டிமீட்டர் ஒண்ணு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது, வாங்கி வைங்க.

- ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி: 12.6 வோல்ட் பக்கம் இருந்தா நல்ல சார்ஜ். 12.2-க்குக் கீழன்னா பாதி காலின்னு அர்த்தம்.
- ஸ்டார்ட் பண்ற அந்த நொடி: 10 வோல்ட்டுக்குக் கீழ விழுந்தா பேட்டரி வீக்.
- இன்ஜின் ஓடும்போது: பொதுவா 13.5 முதல் 14.7 வரைக்கும். அதுக்குக் கீழேயே நின்னா ஆல்டர்னேட்டரைப் பார்க்கணும்.

அடுத்து டெர்மினல். நம்ம ஏரியாவுக்கு இது ரொம்ப முக்கியம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்னு ரோட்டுக்குப் பக்கத்துலயே கடல். உப்புக் காத்து இரும்பையும் செம்பையும் சும்மா விடாது. பேட்டரி முனையில வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா அதுதான். நெகட்டிவ் வயர் வண்டி பாடியில போல்ட் போட்டிருக்கிற இடத்தையும், கியர்பாக்ஸ்லேருந்து பாடிக்கு வர்ற எர்த் பட்டையையும் பாருங்க. மேல பார்க்க நல்லா இருக்கும், போல்ட்டைக் கழட்டினா உள்ள துரு இருக்கும்.

மீட்டர்ல பார்க்க ஒரு சுலப வழி: ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும், இன்னொரு முனையை இன்ஜின் உலோகத்துலயும் வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்ல. சுத்தம் பண்ணணும், இல்லைன்னா வயரை மாத்தணும்.

படி 2: பிரேக் லைட் ஸ்விட்ச்

'என்'-லேருந்து 'டி'-க்கு மாத்த பிரேக் மிதிச்சிருக்கணும். நீங்க மிதிச்சது கம்ப்யூட்டருக்குத் தெரியறது பெடலுக்கு மேல இருக்கிற ஒரு குட்டி ஸ்விட்ச் மூலமா. அது போனா உங்க கால் பெடல்ல இருந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ராத்திரியில சுவத்துக்கு முன்னாடி ரிவர்ஸா நிறுத்தி, பிரேக்கை நாலஞ்சு தடவை மிதிச்சுப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் சுவத்துல சிவப்பு வெளிச்சம் வரணும். ஒரு தடவை வந்து ஒரு தடவை வரலைன்னா ஸ்விட்ச் மேல சந்தேகப்படலாம். விலை குறைஞ்ச பார்ட்தான்.

படி 3: ஃப்யூஸ், ரிலே

ஓனர் மேனுவல்ல எந்த ஃப்யூஸ் எதுக்குன்னு படம் இருக்கும். அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் போடணும். அடிக்கடி எரிஞ்சா பெரிய ஆம்பியர் போட்டு ஓட்டாதீங்க. எங்கயோ வயர் உரசுதுன்னு அர்த்தம்.

படி 4: லிவர் சொல்றதும் டேஷ்போர்டு சொல்றதும் ஒண்ணா?

சமதளமான இடத்துல, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதிச்சுக்கிட்டு, முன்னாடியும் பின்னாடியும் ஆள் இல்லாம பார்த்து, லிவரை 'என்', 'டி', 'ஆர்'னு மெதுவா மாத்துங்க. டேஷ்போர்டு எழுத்தே மாறலைன்னா லிவர் சென்சார் இல்ல அதோட கனெக்டர் பக்கம் பிரச்சனை. கப் ஹோல்டர்லேருந்து டீ கொட்டினது ஞாபகம் இருக்கா? அதையும் மெக்கானிக்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க.

படி 5: பம்ப் சத்தம், ஆயில் அளவு

சில ஏ.எம்.டி முழுக்க எலக்ட்ரிக் மோட்டார்ல இயங்கும். சிலது, உதாரணத்துக்கு மாருதி சின்ன கார்கள்ல வர்றது, ஆயில் பிரஷர்ல இயங்கும். இந்த ரெண்டாவது வகையில டிரைவர் கதவைத் திறந்ததும் 'உய்ங்'னு ஒரு சின்னச் சத்தம் வரும். பம்ப் பிரஷர் ஏத்துற சத்தம் அது. வழக்கமா வந்த சத்தம் இப்போ வரவே இல்லைன்னா பம்புக்குக் கரன்ட் வருதான்னு பார்க்கணும். சும்மா நிக்கும்போதும் அடிக்கடி ஓடிக்கிட்டே இருந்தா பிரஷர் எங்கயோ இறங்குது. ஆயில் டேங்க் அளவைப் பார்க்கச் சொல்லுங்க. கையில இருக்கிற பிரேக் ஆயிலை எல்லாம் ஊத்தாதீங்க. மேனுவல் சொல்ற ஆயில் மட்டும்தான்.

படி 6: கிளட்ச்

இதோட அறிகுறி வேற. ஆர்.பி.எம் ஏறும், வேகம் ஏறாது. கிளம்பும்போது வண்டி நடுங்கும். தீய்ஞ்ச வாசனை வரும். இது எலக்ட்ரிக் கோளாறு இல்ல, தேய்மானம். போர்ட்டுக்குப் போற ட்ரெய்லர் வரிசைக்குப் பின்னாடி தினமும் ஊர்ந்து போற நமக்கு கிளட்ச் சீக்கிரம் தேயும்.

ஒரு பழக்கத்தை இன்னைக்கே விடுங்க: மேம்பாலம் ஏறும்போது டிராஃபிக் நின்னா, ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சு வண்டியை நிறுத்தி வைக்கிறது. அந்த நேரம் முழுக்க கிளட்ச் உரசிக்கிட்டே இருக்கு. பிரேக் பிடிங்க. ஒரு நிமிஷத்துக்கு மேல நிக்கப் போறீங்கன்னா 'என்'-ல போடுங்க. முன்னாடி வண்டி ஒரு அடி நகர்ந்தா நீங்களும் ஒரு அடி நகராதீங்க, ரெண்டு வண்டி இடம் வரட்டும்.

படி 7: ஆக்சுவேட்டர், கம்ப்யூட்டர்

மேல சொன்ன ஆறும் சரியா இருந்தாதான் இங்க வரணும். இங்க வந்தா கேட்க வேண்டியதைக் கேளுங்க.

"ஸ்கேனர்ல என்ன கோட் வந்துச்சு?" இதுதான் முதல் கேள்வி. பி0562-ன்னா வோல்டேஜ் குறைவு. பி0571-ன்னா பிரேக் ஸ்விட்ச் சர்க்யூட். பி0700-ன்னா 'ட்ரான்ஸ்மிஷன்ல ஏதோ கோளாறு இருக்கு'ன்னு மட்டும்தான் அர்த்தம். எந்தப் பார்ட்னு அது சொல்லாது. தெர்மாமீட்டர்ல 101 காட்டினா காய்ச்சல்னு தெரியும், டைஃபாய்டான்னு தெரியாது இல்லையா, அதே மாதிரி. பி0700-ஐ மட்டும் காட்டி ஆக்சுவேட்டர் மாத்தணும்னா, "அடுத்து என்ன டெஸ்ட் பண்ணீங்க"ன்னு கேளுங்க.

ஆன்லைன்ல விக்கிற சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டும்தான் படிக்கும். அதுல 'நோ ஃபால்ட்'னு வந்தா கியர் பக்கமும் சரின்னு நம்பிடாதீங்க.

புதுப்பேட்டையில செகண்ட் ஹேண்ட் ஆக்சுவேட்டர் கிடைச்சாலும் யோசிங்க. பார்ட் மாட்டினா மட்டும் போதாது. அந்த வண்டிக்கு ஏத்த மாதிரி ஸ்கேனர் வச்சு செட் பண்ணணும். செட் ஆகலைன்னா பார்ட் காசும் போச்சு, கூலியும் போச்சு.

இப்போ பணக் கணக்கு

இன்சூரன்ஸ் குடுக்குமா? சாதாரண கார் பாலிசியில தேய்மானமும், தானா வர்ற மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் கோளாறும் கவர் ஆகாது. ஆக்சுவேட்டர் தானா போனா கிளெய்ம் கிடையாது. ஜீரோ டெப் போட்டிருந்தாலும் இதே பதில்தான்.

வெள்ளம்னா கதை வேற. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எண்ணூர், எர்ணாவூர் பக்கம் மழைத்தண்ணியோட எண்ணெயும் கலந்து வந்தது நமக்கு மறக்காது. அந்த மாதிரி தண்ணி புகுந்தா விரிவான பாலிசியில கிளெய்ம் பண்ணலாம், தர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா முடியாது. தண்ணி ஏறின வண்டியை மட்டும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க. இன்ஜினுக்குள்ள தண்ணி போய் உடைஞ்சா, 'நீங்க ஸ்டார்ட் பண்ணதால வந்த சேதம்'னு மறுக்க வாய்ப்பு அதிகம். இன்ஜின் ப்ரொடெக்ட் கவர் தனியா இருந்தாதான் அதுக்குப் பாதுகாப்பு. போட்டோ எடுங்க, கம்பெனிக்குச் சொல்லுங்க, டோ பண்ணுங்க.

எக்ஸ்டெண்டட் வாரன்டி? ஆக்சுவேட்டர் மாதிரி பார்ட்டுக்கு இதுல வாய்ப்பு இருக்கு. கிளட்ச் தட்டு மாதிரி தேயுற பார்ட் பொதுவா வராது. செகண்ட் ஹேண்ட் வாங்கினவங்க, பழைய ஓனர் போட்ட வாரன்டி உங்க பேருக்கு மாறியிருக்கான்னு இன்னைக்கே பாருங்க.

கடன் வாங்கி கட்டலாமா? 52,000-ஐ கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு பாக்கி வச்சா, மாசம் 3.5 சதவீதம் வட்டின்னா 1,820 ரூபாய். அதுக்கு மேல ஜி.எஸ்.டி 18 சதவீதம். மொத்தம் மாசம் கிட்டத்தட்ட 2,150 வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிக்கும். பர்சனல் லோன் 16 சதவீதத்துல 24 மாசம்னா இ.எம்.ஐ சுமார் 2,550, மொத்தம் கட்டுறது 61,000-க்கு மேல. தப்பான பார்ட்டை மாத்துறதுக்கு இந்த வட்டியும் சேர்த்துக் கட்டினா எப்படி இருக்கும்?

அதனால என் சிபாரிசு: மாசம் 2,000 ரூபாய் தனி ஆர்.டி, பேரு 'கார்'. வருஷத்துக்கு 24,000 சேரும். டயர், பேட்டரி, இன்சூரன்ஸ் எல்லாம் அதுலேருந்துதான். எமர்ஜென்ஸி ஃபண்டைத் தொடக் கூடாது. கார் நின்னு போறது எமர்ஜென்ஸி இல்ல, அது எப்பவாவது நிச்சயம் வரப்போற செலவு.

எஸ்டிமேட் குடுத்தா என்ன பண்ணணும்?

1. எழுத்துல வாங்குங்க. பார்ட் விலை, கூலி, வரி தனித்தனியா.
2. ஸ்கேன் ரிப்போர்ட் காப்பி கேளுங்க.
3. "பேட்டரி, எர்த் டெஸ்ட் பண்ணீங்களா, ரீடிங் என்ன?"ன்னு கேளுங்க.
4. மாத்தின பழைய பார்ட்டைத் திருப்பித் தரணும்னு முன்னாடியே சொல்லிடுங்க.
5. "இதை மாத்தியும் பிரச்சனை போகலைன்னா?" இதுக்குப் பதிலை ஜாப் கார்டுலயே எழுதச் சொல்லுங்க.
6. ஏமாத்தப்பட்டதா நினைச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் இல்ல. பில் எல்லாம் பத்திரமா வைங்க.

என் கதைக்கு வருவோம்

நான் கேட்ட அந்த ஒரு நாள்ல தண்டையார்பேட்டையில ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். வயசானவர். "அண்ணே, ஆக்சுவேட்டர்னு சொல்றாங்க"ன்னேன். அவர் ஸ்கேனரே எடுக்கல. "எப்பப்பா நிக்குது வண்டி?"ன்னு கேட்டார். "காலையில, அதுவும் மழை, ஏ.சி, லைட் எல்லாம் ஓடும்போது"ன்னேன். சிரிச்சுட்டு மீட்டரை எடுத்தார். ஸ்டார்ட் பண்ற நொடி 8.9 வோல்ட். எர்த் போல்ட்டைக் கழட்டினா உள்ள முழுக்கத் துரு.

புது பேட்டரி 5,200. எர்த் வயர், டெர்மினல், கூலி 600. மொத்தம் 5,800. அதுக்கப்புறம் ஒரு வருஷம் தாண்டிடுச்சு, ஒரு தடவை கூட 'என்' மின்னல. அம்மாவுக்கு ஆபரேஷன் சொன்ன தேதியிலயே முடிஞ்சது.

சர்வீஸ் சென்டர் ஏமாத்தினாங்கன்னு நான் சொல்லல. அவங்க கோட்லேருந்து ஆரம்பிச்சாங்க, அண்ணன் பேட்டரியிலேருந்து ஆரம்பிச்சார். வித்தியாசம் 46,200 ரூபாய். எல்லா வண்டிக்கும் இதே பதில் வராது. உங்க வண்டியில நிஜமாவே ஆக்சுவேட்டர் போயிருக்கலாம். ஆனா அது நிரூபணம் ஆன பிறகு குடுங்க.

இன்னொரு விஷயம். அந்த ஒரு நாளை என்னால கேட்க முடிஞ்சதுக்குக் காரணம், கார் இல்லாமலும் வேலைக்குப் போக முடியும்னு தெரிஞ்சிருந்ததுதான். மறுநாள் திருவொற்றியூர்ல கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி அத்திப்பட்டுல இறங்கினேன். சிட்டி பக்கம் வேலைன்னா 2021-லேருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ இருக்கு. "நாளைக்கே வண்டி வேணும்"னு நிக்கிறவங்களால பேரம் பேச முடியாது. ரெண்டு நாள் வண்டி இல்லாம சமாளிக்க ஒரு வழியை இப்பவே யோசிச்சு வைங்க.

இந்த வாரக் கடைசியில ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி பானட்டைத் திறந்து பேட்டரி முனையை மட்டும் பாருங்க. வெள்ளையா பூத்திருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, மல்டிமீட்டர் பிடிக்கிறது எப்படின்னு அடுத்த வீடியோல காட்டிடலாம்.